இன்னும் மெல்ல

கீவ்
16 செப்டம்பர் 1973

அன்புள்ள யரினா அக்காவுக்கு,

உன் தம்பி உயிரோடும் ஓரளவு சுத்தமான சட்டையோடும் இருக்கிறான். நீயும் பன்தேலி அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? அவருடைய முதுகுவலி குறைந்ததா? பல் பிடுங்குகிறவருக்கு முதுகு ஏன் வலிக்க வேண்டும் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இதோடு ஒரு பொட்டலம் வரும். செல்லோவுக்கும் பியானோவுக்குமாக நான் எழுதிய ஐந்து சிறு துண்டுகள். ‘முன்னந்தி’ என்று பெயர் வைத்திருக்கிறேன். நீ பியானோ வாசிக்கிற அரங்கத்தில் உனக்கென்று ஒரு மாலை கொடுத்தால் வாசி. கொடுக்காவிட்டால் வீட்டில் வாசி. பக்கத்து வீட்டில் யாரோ தனக்குத்தானே வாசித்துக்கொள்வது சுவர் வழியாக உனக்குக் கேட்கிறது என்று வைத்துக்கொள். அந்த அளவு போதும். அதுவும் சத்தமாகத் தோன்றினால் இன்னும் மெல்ல.

இசையமைப்பாளர் சங்கத்தில் இதை வாசித்துக் காட்டினேன். பல வருடம் முன்பு என் இசையைக் கேட்டு, இரும்புக் கடையில் பூனை புகுந்த மாதிரி இருக்கிறது என்றாரே, அதே செயலாளர் எழுந்தார். “தோழர் ஸாருத்னி, முன்னாடி உங்க இசைக்குக் காதைப் பொத்திக்க வேண்டியிருந்தது. இப்ப காதைத் தீட்டிக்க வேண்டியிருக்கு. நடுவுல ஒரு அளவே கிடையாதா உங்களுக்கு?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு வேறொரு காரியத்துக்காகக் கை தூக்கச் சொன்னார்கள். எனக்குத் தோள்வலி. அன்றிலிருந்து அந்தப் பக்கம் போவதில்லை. நேரம் நிறைய மிச்சமாகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். பன்தேலிக்கு என் வணக்கம்.

லெவ்கோ


செர்னிவ்த்ஸி
7 அக்டோபர் 1973

என் அருமை லெவ்கோ,

இங்கே எல்லோரும் சௌக்கியம். பன்தேலியின் முதுகு அப்படியேதான் இருக்கிறது. வீடு முழுக்க பிளம்ஸ் ஜாம் கொதிக்கிற வாசனை. நீ சாப்பிடுகிறாயா? தேநீரும் ரொட்டியும் சாப்பாட்டுக் கணக்கில் சேராது.

உன் தோள்வலியைப் பற்றி வேறொருவர் வாயால் கேட்க வேண்டியதாகிவிட்டது. கைதான உங்கள் சங்கத்து மார்க்கியானைக் கண்டிக்க அத்தனை பேரும் கை தூக்கியபோது நீ மட்டும் மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாயாம். மறுவாரமே உன்னைச் சங்கத்திலிருந்து நீக்கிவிட்டார்களாம். இதை எழுத உனக்கு ஒரு வரி போதாதா? நேரம் மிச்சம் என்று எழுதுகிறாய். சங்கத்திலும் இல்லை, சம்பள வேலையிலும் இல்லை என்றால் உழைக்காமல் தின்கிறவன் என்று சட்டத்தைக் காட்டி இழுத்துக்கொண்டு போவார்கள். எங்காவது ஒரு வேலை தேடு.

‘முன்னந்தி’யைத் தினமும் வாசிக்கிறேன். முதல் நாள், தம்பிக்கு உடம்பு சரியில்லையோ என்று நினைத்தேன். நான்காம் நாள் சமையலறையில் நின்று அழுதேன், வெங்காயத்தின் பேரில். பன்தேலி எட்டிப் பார்த்து, “பியானோவைத் துடைச்சு முடிச்சிட்டியா? எப்ப வாசிக்கப் போற?” என்று கேட்டார். நான் வாசித்து முடித்து அரை மணி நேரம் ஆகியிருந்தது.

ஒன்று கேட்கிறேன். செல்லோவின் வரிகளுக்கு மேலே ஊதாப் பென்சிலில் விரல் எண்கள் போட்டிருக்கிறதே, அழகான சின்ன எழுத்து, யாருடையது? உன்னுடையது இல்லை. உன் எண்கள் குடித்துவிட்டு நிற்கும்.

முத்தங்களுடன்,
யரினா


கீவ்
4 நவம்பர் 1973

அன்புள்ள அக்கா,

சுகமாக இருக்கிறேன். ஜாம் வந்தது, தீர்ந்தும் போனது. இங்கே பனி தொடங்கிவிட்டது. உன் மூட்டுகளைக் குளிரில் காட்டாதே.

வேலை தேடுகிறேன். அதாவது, வேலை தேட வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன்.

ஊதா எழுத்துக்காரியின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் நீ அன்றைக்கே கல்யாண ரொட்டிக்கு மாவு பிசைய ஆரம்பித்துவிடுவாய். நன்றாகச் செல்லோ வாசிப்பாள், குறைவாகப் பேசுவாள். நாங்கள் வாசித்து முடித்ததும் தேநீர் குடிப்போம். அவ்வளவுதான். இந்த மாதம் அவள் ஊரில் இல்லை.

எனக்கு இரவில் சரியாகத் தூக்கம் வருவதில்லை. குளிர்தான் காரணமாக இருக்கும்.

லெவ்கோ


செர்னிவ்த்ஸி
20 டிசம்பர் 1973

லெவ்கோ,

நலமாக இருக்கிறாய் என்றே நம்புகிறேன். இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை என்பதைக் கவனித்திருப்பாய். கொண்டுவந்து தருகிற ஹன்னா, கீவ் ரயிலில் படுக்கை வண்டிப் பணிப்பெண். பன்தேலி அவளுக்குத் தங்கப் பல் கட்டினார். அதைக் காட்டுவதற்காகவே எப்போதும் சிரித்துக்கொண்டிருப்பாள். நம்பலாம். உன் பதிலையும் அவளிடமே கொடு.

சனிக்கிழமை சாயங்காலம் ரேடியோவில் வியன்னா கிடைக்கிறதா என்று முள்ளைத் திருகிக்கொண்டிருந்தேன். பக்கத்திலேயே ருமேனியாக்காரர்களின் கல்யாணப் பாட்டு, துருத்தி வாத்தியத்தோடு மேலே வந்து விழுந்துகொண்டிருந்தது. அதற்கு அடியில், யாரோ போர்வைக்குள் பேசுகிற மாதிரி ஒரு செல்லோ. எனக்குக் கை நின்றுவிட்டது. அடுத்த சுரம் எது என்று என் விரலுக்குத் தெரிந்தது, லெவ்கோ. முடிந்ததும் அறிவிப்பாளர் நம் குடும்பப் பெயரை மூன்று தடவை மூன்று விதமாகச் சொன்னார். மூன்றும் தப்பு. ஆனால் நம் பெயர்தான்.

பன்தேலி ரேடியோவை அணைத்துவிட்டு, “இது எப்படி அங்க போச்சு?” என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். பிறகு உன் நவம்பர்க் கடிதத்தை எடுத்துப் படித்தேன். அவள் ஊரில் இல்லை என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டு அதை அடுப்பில் போட்டேன்.

நான் எதுவும் கேட்கவில்லை. எனக்குப் பெருமையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் எழுதத்தான் முடிகிறது.

யரினா


கீவ்
8 ஜனவரி 1974

அக்கா,

பழைய நாட்காட்டிப்படி நேற்று நமக்குக் கிறிஸ்துமஸ். யாரும் பார்க்காமல் கோதுமைப் பொங்கலைத் தின்றுவிட்டு உங்கள் இருவரின் ஆரோக்கியத்துக்காக வேண்டிக்கொண்டேன்.

நீ கேட்காத கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. தெரியாத ஒன்றை யாரும் உன்னிடமிருந்து வாங்க முடியாது. இங்கே ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள். என்னை இன்னும் கூப்பிடவில்லை. வாசித்த கை யாருடையது என்பதில் அவர்களுக்கு அக்கறையில்லை, கொண்டுபோன கைதான் வேண்டுமாம். வியன்னாவுக்குப் போன பிரதியின் புகைப்படம் ஒன்று யார் மூலமோ அவர்களிடம் வந்திருக்கிறது. அதிலும் அதே கையெழுத்தில் விரல் எண்கள்.

இந்தக் கடிதம் கிடைத்த நிமிஷமே ரப்பரை எடு. உன் பிரதியில் இருக்கிற ஊதா எண்களை ஒன்று விடாமல் அழித்துவிடு. அழியாவிட்டால் தாளையே அடுப்பில் போடு. உனக்குத்தான் மனப்பாடம் ஆகியிருக்குமே.

உடனே செய். பன்தேலிக்கு வணக்கம்.

லெவ்கோ


செர்னிவ்த்ஸி
29 ஜனவரி 1974

மதிப்பிற்குரிய தம்பி லெவ்கோ லுக்கியானோவிச்சுக்கு,

தாங்கள் நல்ல ஆரோக்கியத்துடன் இருப்பீர்கள் என நம்புகிறேன். நாங்களும் ஆரோக்கியமாக இருக்கிறோம்.

இம்மாதம் 17ஆம் தேதி வதிம் ஹெராசிமோவிச் என்ற இசை அன்பர் நம் வீட்டுக்கு வந்து தேநீர் அருந்தினார். பல்வலிக்காகப் பன்தேலியிடம் வந்தவர், தங்கள் படைப்பைப் பற்றி மிகுந்த அக்கறையுடன் விசாரித்தார். பிரதியைப் படித்துப் பார்ப்பதற்காக எடுத்துச் சென்றிருக்கிறார். இதன் வேறு பிரதிகள் யார் யாரிடம் உள்ளன, எந்த நண்பர்கள் இதை வாசித்துப் பழகினார்கள் என்ற விவரங்களைத் தாங்கள் எழுதி அனுப்பினால் அரங்க நிகழ்ச்சிக்கு உதவியாக இருக்கும் என்று கருதுகிறார்.

மற்றபடி, ஹன்னாவுக்குக் கடும் காய்ச்சல். இத்தனை நாளும் ரயில் ஏறவில்லை. நீங்கள் கொடுத்தனுப்பிய தைலம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. தேய்க்க வேண்டியது இப்போது வீட்டில் இல்லை.

தங்கள் அன்புள்ள,
யரினா லுக்கியானிவ்னா


கீவ்
9 பிப்ரவரி 1974

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

நலம். தங்கள் கடிதத்தின் அழகான நடையைப் படித்து வியந்தேன். நம் வீட்டில் யாரும் இவ்வளவு மரியாதையாக எழுதியதில்லை.

இசை அன்பருக்கு என் நன்றி. நான் மறதிக்காரன் என்பது உனக்குத் தெரியும். போன வாரம் ஒரு காலில் என் காலணியும் மறு காலில் பக்கத்து வீட்டுக்காரருடையதும் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போய்விட்டேன். பிரதிகளை யாருக்குக் கொடுத்தேன் என்று எப்படி நினைவிருக்கும்? முட்டைக்கோசு வாங்கும்போது கடைக்காரி என் கையெழுத்துத் தாளில் சுற்றிக் கொடுத்தாலும் ஆச்சரியமில்லை. நிகழ்ச்சி நடக்காவிட்டாலும் பரவாயில்லை. நீ உடம்பைப் பார்த்துக்கொள். கையெழுத்து நடுங்கியிருந்தது. மூட்டுவலியா?

உடனே ஒரு வரி எழுது.

லெவ்கோ


கீவ்
3 மார்ச் 1974

அக்கா,

மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. அரங்கத்துக்குத் தொலைபேசி போட்டேன். எடுத்த பெண், “அப்படி யாரும் இங்க வேலை செய்யல” என்று வைத்துவிட்டாள். எண்ணைத் தப்பாகச் சுழற்றிவிட்டேனா என்று மறுபடி போட்டேன். அதே குரல், அதே பதில்.

எப்படி இருக்கிறாய் என்று கேட்கிறேன். வெறும் சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை.

லெவ்கோ


செர்னிவ்த்ஸி
10 மார்ச் 1974

லெவ்கோ,

நான் பன்தெலிமோன் எழுதுகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. நலம் விசாரிப்பதை எல்லாம் நீயே போட்டுக்கொள். இது ஹன்னா கையில் வருகிறது. யரினாவுக்குத் தெரியாது.

அந்த உளவுத்துறை ஆள் ஜனவரியில் என் நாற்காலியில் வாயைத் திறந்து உட்கார்ந்தான். பல்லில் ஒரு குறையும் இல்லை. மறுநாள் வீட்டுக்கு வந்தான். பியானோ மேலே உன் தாள்கள் விரித்தபடி இருந்தன. புரட்டிப் பார்த்துவிட்டு, “இதுல இடைவெளி இவ்ளோ இருக்கே, இந்த எடத்துல எல்லாம் என்ன சொல்றாங்க?” என்று கேட்டான்.

“ஒண்ணும் சொல்றதில்ல. மூச்சு விடறாங்க” என்றாள் உன் அக்கா.

“எங்க நிபுணர் ஒருத்தர் ரெண்டு வாரமா இதை வச்சிக்கிட்டு முழிக்கிறார், யரினா லுக்கியானிவ்னா. சரி, இந்த ஊதா எழுத்து யாரோடது?”

உன் பெயரைச் சொல்வாள், தெரியாது என்பாள், ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன். “என்னோடது” என்றாள்.

“நீங்க செல்லோ வாசிப்பீங்களா?”

“எங்க அரங்கத்துல செல்லோக்காரர் இருக்கார். சோம்பேறி. நான்தான் விரல் போட்டுக் குடுப்பேன்.”

“அப்படியா. ஒண்ணுலேர்ந்து நாலு வரைக்கும் எழுதுங்க, பாக்கலாம்.”

அவள் என்னைப் பார்த்து, “உங்க பென்சில் எங்க?” என்றாள். பல் அச்சில் குறி போட நான் ஊதாப் பென்சில்தான் வைத்திருக்கிறேன். எடுத்துக் கொடுத்தேன். அவள் நிதானமாக எழுதத் தொடங்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று வரைக்கும் ஒத்துப்போயிற்று. நான்கை அவள் தலை திறந்து எழுதினாள். உன் தாளில் தலை மூடியிருந்தது. நான் பார்த்தேன். அவனும் பார்த்தான். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, “தேநீர் நல்லா இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் கூப்பிட்டார்கள். உனக்கு வந்த அந்த மரியாதைக் கடிதம் அங்கே உட்கார்ந்து எழுதியது. எண் ஒத்துப்போகவில்லை என்று அவர்கள் பிடித்ததும், விரல் எண்கள் யாருடையதாக இருந்தால் என்ன, வியன்னாவுக்கு அனுப்பியவள் நான்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். யாரோ சுற்றுலாக்காரனிடம் கொடுத்தாளாம். யார் என்று தெரியாதாம். அரங்கத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். வழக்கு வரும் என்கிறார்கள். வரலாம், வராமலும் போகலாம். வாசல் மணி அடித்தால் எழுந்து போய் முதலில் கம்பளிக் காலுறையை மாட்டிக்கொள்கிறாள். சிறையில் குளிருமாம்.

யாருக்காக இதைச் செய்தாள்? அந்தச் செல்லோக்காரியை அவள் பார்த்ததுகூட இல்லை. கேட்டால், “அந்த எழுத்தைப் பாத்தீங்கல்ல, அவ்ளோ கவனமா எழுதறவளை எப்படி விடறது?” என்கிறாள்.

உன் இசை என் காதில் விழுவதே இல்லை, லெவ்கோ. ஆனால் அதனால் வருகிற இடி மட்டும் என் வீட்டுக் கூரையில் சரியாக விழுகிறது. இனி இந்த வீட்டில் அது வேண்டாம். நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியாது. ஏதாவது செய்.

பன்தெலிமோன்


கீவ்
24 மார்ச் 1974

அன்புள்ள அக்கா,

நான் மிகவும் நலம். ஆற்றில் பனிக்கட்டி உடைந்துவிட்டது. பாலத்தில் நின்று பார்த்தேன், பெரிய பெரிய பாளங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு போகின்றன. இந்த வருடம் வசந்தம் முன்னதாகவே வரும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். அவருடைய காலணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இனி உன்னை யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள் என்று நினைக்கிறேன். ஏன் என்று கேட்காதே. செவ்வாய்க்கிழமைகளில் வீட்டிலேயே இரு, கஞ்சி வை, பன்தேலியோடு சண்டை போடு.

ஜாம் மிச்சம் இருந்தால் ஒரு பாட்டில் அனுப்பு. ஒருவேளை நான் இங்கே இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் கொடுத்துவைக்கச் சொல்.

உன் தம்பி,
லெவ்கோ


கீவ்
14 ஏப்ரல் 1974

மதிப்பிற்குரிய யரினா லுக்கியானிவ்னா அவர்களுக்கு,

ஈஸ்டர் வாழ்த்துகள். தாங்களும் தங்கள் கணவரும் நலமாக இருக்க வேண்டும். என் பெயர் நெல்யா. நான்கு என்ற எண்ணைத் தலை மூடி எழுதுகிறவள். தங்களை இதுவரை பார்த்ததில்லை என்பதால் எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் பல தாள்களைக் கிழித்துவிட்டேன். ஹன்னா வெளியே நிற்கிறாள், இனிக் கிழிக்க நேரமில்லை.

தங்கள் தம்பி சுதந்திரமாக வீட்டில் இருக்கிறார். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

மார்ச் மாதம் அவர் யாரும் கூப்பிடாமல் தானாகவே அந்த அலுவலகத்துக்குப் போனார். கச்சேரி முடிந்த நெரிசலில் பழுப்புத் தொப்பி போட்ட வெளிநாட்டுக்காரர் ஒருவரிடம் தாளைக் கொடுத்ததாகச் சொல்லியிருக்கிறார்.

“உங்க அக்கா, நான்தான் அனுப்பினேன்னு எழுதிக் குடுத்திருக்காங்களே?” என்று கேட்டிருக்கிறார்கள்.

“சின்ன வயசுல நான் உடைச்ச பீங்கானை எல்லாம் அக்கா தானே உடைச்சதா சொல்லும். அதையும் உங்க கோப்புல சேர்த்துக்கோங்க” என்றாராம். என்னிடம் வந்து சொல்லும்போது சிரித்துக்கொண்டேதான் சொன்னார். தேநீர்க் கோப்பையை மேஜையில் வைத்தபடியே குனிந்து குடித்தார். தங்கள் கணவரின் கடிதத்தையும் அன்றைக்குத்தான் காட்டினார். தாங்கள் செய்தது எனக்கு அதுவரை தெரியாது.

மறுநாள் காலை நான் போனேன். “நான்தான் கொண்டு போனேன், நவம்பர்ல வியன்னா கச்சேரிக்குப் போனப்ப. செல்லோப் பெட்டியில, வெல்வெட் துணிக்கு அடியில வச்சு” என்றேன். அதுதான் உண்மை.

அந்த அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தார். “அம்மா, போன மாசம் அக்கா. நேத்து தம்பி. இன்னிக்கு நீங்க. நாளைக்கு அந்த வீட்டுப் பூனை வருமா?”

“எண்களை எழுதிக் காட்டறேன். ஒப்பிட்டுப் பாருங்க.”

“வேணாம்.”

“நான் சொல்றது உண்மை.”

“இருக்கலாம்” என்றார். “தம்பி பேர்ல அறிக்கை நேத்து சாயங்காலமே மேல போயாச்சு. இப்ப நான் போய் ‘இல்லீங்க, வேற ஆளு’ன்னு நின்னா மேல என்னைப் பாத்து சிரிப்பாங்க. வீட்டுக்குப் போங்க.” கதவருகே போனபோது, “அவர் மேல விருப்பமா?” என்று கேட்டார். அந்தக் கேள்வியை என்னிடம் முதலில் கேட்டவர் அவர்தான். நான் கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன்.

நம்பவில்லை என்றாலும் என்னை விடவும் இல்லை. வெளிநாட்டுப் பயணப் பட்டியலில் இனி என் பெயர் வராது. தங்கள் தம்பியின் மேல் வழக்கு வேண்டாம், இவ்வளவு சின்ன சத்தத்துக்கு வழக்குப் போட்டால் அதுவே பெரிய சத்தமாகிவிடும் என்று மேலே முடிவு செய்திருக்கிறார்கள். அவருடைய தாள்களை எல்லாம் நூலகங்களிலிருந்து எடுத்துவிட்டார்கள். எங்கும் வாசிக்கக் கூடாது. ஒரு மாதத்துக்குள் வேலையில் சேர வேண்டும். ஜிம்னாஸ்டிக் பழகும் சிறுமிகளுக்குப் பியானோ வாசிக்கிற வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.

மே மாதம் எனக்குச் சில நாள் விடுமுறை. தங்களைப் பார்க்க வரலாமா? வந்து என்ன சொல்வது என்று தெரியவில்லை. செல்லோவைக் கொண்டு வருகிறேன்.

வணக்கத்துடன்,
நெல்யா


செர்னிவ்த்ஸி
12 மே 1974

என் முட்டாள் தம்பி லெவ்கோ,

உடம்பு எப்படி இருக்கிறது? அந்தச் சிறுமிகள் குதிக்கும்போது நீ தாளம் தப்பாமல் வாசிக்கிறாயா? நான் இப்போது கலாச்சார மாளிகையில் நடன வகுப்புக்கு வாசிக்கிறேன். காலையிலிருந்து மாலைவரை வால்ட்ஸ். நாம் இரண்டு பேரும் சேர்ந்து இந்த நாட்டையே ஆட்டிவைக்கிறோம்.

நீ அங்கே போனதை என்னிடம் சொல்லவில்லை. நான் செய்ததை உன்னிடம் சொல்லவில்லை. இதில் யார் பெரிய பொய்க்காரர் என்று நேரில் பார்க்கும்போது தீர்த்துக்கொள்ளலாம். மார்ச் மாதக் கடிதத்தில் ஜாமைப் பக்கத்து வீட்டில் கொடுக்கச் சொல்லியிருந்தாயே, அந்த வரியைப் படித்த நாளிலிருந்து நான் சரியாக மூச்சு விடவில்லை.

உன் நெல்யா வந்தாள். ஹன்னா செல்லோவுக்கு ஒரு தனிப் படுக்கையே கொடுத்துப் போர்வையும் போர்த்திவிட்டிருக்கிறாள். நிலையத்தில் இறங்கிய பெண்ணைப் பார்த்தேன். ஒல்லி, உயரம், காதெல்லாம் சிவந்திருந்தது. எனக்கு முன்னால் வந்து நின்று செல்லோப் பெட்டியைக் கை மாற்றிப் பிடித்தாள். நான், “செல்லோ அந்தப் பக்கம் இடிக்குது, பாத்து” என்றேன். பிறகு இரண்டு பேரும் அங்கேயே நடைமேடையில் நின்று அழுதோம். ஹன்னா தங்கப் பல்லைக் காட்டாமல் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பன்தேலி முதல் நாள் அவளோடு பேசவில்லை. இரண்டாம் நாள், “சாப்பிடு, உன்னைப் பாத்தா எனக்குப் பசிக்குது” என்றார். மூன்றாம் நாள் மாலை அவர் செய்தித்தாளோடு சமையலறையில் இருந்தார். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். தாள் எங்களிடம் இல்லை. அவளுக்கு அவளுடையது மனப்பாடம், எனக்கு என்னுடையது. எனக்குப் பயமாகத்தான் இருந்தது. இந்த வீட்டில் இனி அது வேண்டாம் என்று அவர் உனக்கு எழுதியதை ஏப்ரலில் என்னிடமும் சொல்லியிருந்தார். ஜன்னலைச் சாத்திவிட்டுத் தொடங்கினோம்.

முதல் துண்டு முடிந்தது. சமையலறையிலிருந்து சத்தமே இல்லை. இரண்டாவதில் செய்தித்தாள் மடிக்கிற சத்தம். மூன்றாவதில் செல்லோ தனியாக மேலே போகிற இடத்தில், இனி வில் கம்பியைத் தொடுகிறதா இல்லையா என்றே தெரியாதே, அங்கே நம் குளிர்சாதனப் பெட்டி லாரி மாதிரி உறுமத் தொடங்கியது. நெல்யா நிறுத்திவிட்டாள். நானும் கையை எடுத்துவிட்டேன்.

நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். எழுந்து வந்து கத்தப் போகிறார் என்று நினைத்தேன். உறுமல் நின்றது. அவர் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டிருந்தார். பிறகு கூடத்துக்கு வந்து சுவர்க் கடிகாரத்தின் ஊசலைக் கையால் பிடித்து நிறுத்தினார். கதவோரத்து ஸ்டூலில் உட்கார்ந்து, முதுகு வலிக்கிறவர் உட்காருகிற மாதிரி மெதுவாக உட்கார்ந்து, “இப்ப வாசிங்க” என்றார்.

நெல்யா நேற்று கிளம்பிவிட்டாள். போகும்போது, “அவர் என்கிட்ட எதையும் சொன்னதில்ல. எல்லாத்தையும் பியானோவுக்கே குடுத்துடறார்” என்றாள். சொல்லித் தொலை, லெவ்கோ. இதையாவது சத்தமாகச் சொல்.

ரொட்டிக்கு மாவு தயாராக இருக்கிறது.

உன் அக்கா,
யரினா

லெவ்கோ, கீழே நான் எழுதுகிறேன். அந்தக் கடைசித் துண்டு எப்போது முடிந்தது என்று எனக்குத் தெரியவில்லை. முடிந்துவிட்டதா என்று கேட்கவும் கூச்சமாக இருந்தது. ரொம்ப நேரம் யாரும் எழுந்திருக்கவில்லை. பெட்டியைத் திரும்பப் போட மறந்துபோய்ப் பால் திரிந்துவிட்டது. அடுத்த தடவை நீயே வந்து வாசி. – ப.